‘சாப்டியா’ தேர்வுத்தாளுக்கு வந்தால்?

வாசகர் கேள்வி – பதில்

செல்பேசியில் செய்தி அனுப்பும் பழக்கம் பிள்ளைகளின் எழுத்தை என்ன செய்கிறது என்று கேட்டு வந்த கடிதங்களில் சில இங்கே. ஒரே கேள்வி பல கடிதங்களில் வந்திருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பதில் எழுதியவர்கள் தமிழாசிரியர்களும் கணித்தமிழ்த் துறையினரும்.

என் மகள் பத்தாம் வகுப்பு. நாள் முழுதும் தோழிகளோடு தங்கிலீஷில் செய்தி அனுப்புகிறாள். தமிழ் விடைத்தாளில் ‘பல்லிக்கூடம்’, ‘முயற்ச்சி’ என்று எழுதி வைக்கிறாள். செல்பேசியைப் பிடுங்கி வைத்தால் சரியாகிவிடுமா?
– ஒரு தாய், திண்டுக்கல்

பிடுங்க வேண்டாம். விசைப்பலகையை மாற்றுங்கள். எப்படி மாற்றுவது என்பது அடுத்த பதிலில் வருகிறது. ஏன் என்பதை இங்கே சொல்லிவிடுகிறோம்.

சுருக்கி எழுதுவது வேறு, தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவது வேறு. பழியெல்லாம் சுருக்கத்தின் மேல் விழுகிறது. ஆனால் இங்கிலாந்தில் கவென்ட்ரி பல்கலைக்கழகத்தின் பெவர்லி பிளெஸ்டர், கிளேர் வுட் குழுவினர் 10 முதல் 12 வயதுவரையுள்ள 88 குழந்தைகளை வைத்துச் செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், செய்திச் சுருக்கங்களை அதிகம் கையாண்ட குழந்தைகள் சொற்களை வாசிப்பதில் பின்தங்கவில்லை. சற்று மேலாகவே இருந்தார்கள். அதுவரை செல்பேசியே இல்லாத 9, 10 வயதுக் குழந்தைகள் 114 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியினருக்கு மட்டும் பத்து வாரம் செல்பேசி கொடுத்தும் பார்த்தார்கள். 2011இல் வெளிவந்த அந்த முடிவிலும் எழுத்தறிவில் சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு இல்லை. மறுபக்கம், அமெரிக்காவில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தார் 2012இல் நடுநிலைப் பள்ளி மாணவர்கள் 228 பேரிடம் கண்டது, செய்தி நடையில் அதிகம் புழங்கியவர்கள் இலக்கணத் தேர்வில் குறைவாக வாங்கினார்கள் என்பது. எது எதற்குக் காரணம் என்பதை அந்த ஆய்வால் சொல்ல முடியாது. இலக்கணம் வராத பிள்ளைதான் அப்படி எழுதுகிறது என்றும் வைத்துக்கொள்ளலாம்.

எப்படியானாலும் இவை ஆங்கிலக் குழந்தைகளைப் பற்றியவை. ‘கிரேட்’ என்ற சொல்லின் பின்பாதிக்கு 8 என்ற எண்ணைப் போடும் குழந்தை, தன் மொழியின் ஒலியையும் எழுத்தையும் வைத்துத்தான் விளையாடுகிறது. உங்கள் மகள் விளையாடுவது தமிழ் எழுத்தை வைத்து அல்ல. பி-ஏ-எல்-ஏ-எம் என்று தட்டினால் பலமும் அதுதான், பாலமும் அதுதான், அவசரத்தில் பழமும் அதுதான். சிலர் ழகரத்துக்கு இசட்-எச் போடுவார்கள். பல நேரம் அதுவும் போய்விடும். ல, ள இரண்டுக்கும் ஒரே எல். ந, ன, ண மூன்றுக்கும் ஒரே என். ர, ற இரண்டுக்கும் ஒரே ஆர். குறில் நெடில் கணக்கே கிடையாது. படிக்கிற தோழி இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறாள், அதனால் யாருக்கும் குறை தெரிவதில்லை. நாள் முழுதும் தமிழிலேயே பேசி, தமிழிலேயே செய்தி அனுப்பியும், ‘இங்கே லகரமா ளகரமா’ என்ற கேள்வியைத் தனக்குத் தானே ஒரு தடவைகூடக் கேட்டுக்கொள்ள நேராத பிள்ளை, விடைத்தாளில் மட்டும் அதைச் சரியாக எழுத வேண்டும் என்றால் எப்படி?

‘முயற்ச்சி’யின் கதை வேறு. அது செல்பேசிக்கு முன்பே இருந்த பிழை. கடைப் பலகைகளில் பார்க்கலாம். ஒரே விதியில் தீர்ந்துவிடும். ட், ற் என்ற இரண்டு மெய்களுக்குப் பின்னால் இன்னொரு மெய் வராது. முயற்சி, பயிற்சி, அதற்கு, வேட்கை, திட்பம். ய், ர், ழ் ஆகியவற்றுக்குப் பின்னால் வரும்: காய்ச்சல், வளர்ச்சி, மகிழ்ச்சி, வாழ்க்கை. மகிழ்ச்சியின் ‘ச்’சைத்தான் பிள்ளைகள் முயற்சிக்கும் கடன் கொடுத்துவிடுகிறார்கள்.

ஆகவே முதலில் பிழைகளை வகை பிரியுங்கள். மகள் கையால் எழுதிய கடைசி மூன்று விடைத்தாள்களை எடுத்து, ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: மயங்கொலி (ல-ள-ழ, ர-ற, ந-ன-ண), ஒற்று, பேச்சு வழக்கு, நிறுத்தக்குறி. ஒவ்வொரு பிழையையும் அதன் கட்டத்தில் எழுதுங்கள். எந்தக் கட்டம் நிரம்புகிறதோ அதை மட்டும் முதல் மாதம் பாருங்கள். நான்கையும் ஒரே நேரத்தில் திருத்தப் போனால் பிள்ளை எழுதுவதையே குறைத்துக்கொள்ளும். செல்பேசியைத் திறந்து அவள் செய்திகளைப் படித்துப் பிழை எண்ணும் வேலை வேண்டாம். அது அவள் தோழிகளோடு பேசும் பேச்சு. அதற்கு மதிப்பெண் கிடையாது.

மயங்கொலிக் கட்டம் நிரம்பியிருந்தால் தினம் பத்துச் சொல், ஐந்து நிமிடம், சொல்லச் சொல்ல எழுதுதல். சொல்லைத் தனியாகச் சொல்லாதீர்கள். வாக்கியத்தில் வைத்துச் சொல்லுங்கள். ‘மணம்’ என்று மட்டும் சொன்னால் பிள்ளைக்கு வழியில்லை. ‘மல்லிகை மணம்’ என்றால் வழி உண்டு. தவறிய சொல்லை மறுநாள், நான்காம் நாள், எட்டாம் நாள் மறுபடி கேளுங்கள். பத்து முறை இம்போசிஷன் எழுதச் சொல்வதால் பயனில்லை. மூன்றாவது தடவையிலிருந்து கைதான் எழுதும், தலை எழுதாது.

ந-ன-ண மயக்கத்துக்குப் பழைய திண்ணைப் பள்ளிப் பெயர்களே மருந்து: தந்நகரம், றன்னகரம், டண்ணகரம். தகரத்துக்கு முன் ந் (பந்து), றகரத்துக்கு முன் ன் (கன்று), டகரத்துக்கு முன் ண் (வண்டு). சொல்லின் முதலில் மூன்றில் தந்நகரம் ஒன்றே வரும். பெயருக்குள்ளேயே விதியை ஒளித்து வைத்திருக்கிறார்கள். இன்று ‘ரெண்டு சுழி ன, மூணு சுழி ண’ என்று சொல்லிக்கொடுக்கிறோம். சுழியை எண்ணத் தெரிகிறது, எங்கே போடுவது என்று தெரியவில்லை.

சரி, விசைப்பலகை எது? எப்படி மாற்றுவது? மாற்றினால் வேகம் போய்விடும் என்கிறான் பையன்.
– திருச்சி, ஈரோடு, காரைக்கால் வாசகர்கள் மூவர்

முதல் இரண்டு வாரம் வேகம் போகும். அதை மறைத்து ஆசை காட்டாதீர்கள்.

செல்பேசியில் தமிழ் எழுத மூன்று வழிகள் உண்டு. ஒன்று, ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழாக மாறுவது. கூகுள் விசைப்பலகையின் மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்க்கும்போது இந்த வகையும் கிடைக்கும். தங்கிலீஷுக்கு இது எவ்வளவோ மேல், ஏனெனில் திரையில் தெரிவது தமிழ் எழுத்து. ஆனால் வி-ஏ-எல்-ஏ-ஐ என்று தட்டினால் வலை, வளை, வாழை எனச் சொற்கள் வரிசையாக வந்து நிற்கும். பிள்ளை ஒன்றைத் தொடும். பார்த்து அடையாளம் காண்பது வேறு, நினைவிலிருந்து எடுத்து எழுதுவது வேறு. தேர்வு அறையில் மேலே பட்டியல் எதுவும் வராது.

இரண்டாவது, தமிழ் எழுத்துகளே விசைகளில் இருக்கும் பலகை. மூன்றாவது, இதே இனத்தில் ஒழுங்கான வடிவமான தமிழ்99. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய அமைப்பு இது. ஐபோனில் தமிழ் விசைப்பலகையைச் சேர்க்கும்போதே ‘அஞ்சல்’ (ஆங்கில எழுத்தில் தட்டும் முதல் வகை), ‘தமிழ்99’ இரண்டும் வரும். ஆண்ட்ராய்டு செல்பேசியில் மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் செயலியில் இவை இரண்டும் உண்டு.

எங்கள் சிபாரிசு தமிழ்99. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என 31 விசைகளில் 247 எழுத்தும் வந்துவிடும். கணினி விசைப்பலகையில் உயிரெல்லாம் இடக்கைப் பக்கம், மெய்யில் பெரும்பாலானவை வலக்கைப் பக்கம். க-வைத் தட்டி இ-யைத் தட்டினால் கி. க-வை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழுந்து ‘க்க’ ஆகும். ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற என்று இன எழுத்துகளை அடுத்தடுத்துத் தட்டினாலும் புள்ளி தானே வரும். டண்ணகர, றன்னகரப் பாடத்தை விசைப்பலகையே நடத்துகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக ல ஓரிடம், ள ஓரிடம், ழ ஓரிடம். விரலை நகர்த்துவதற்கு முன் மூன்றில் எது என்று முடிவெடுத்தே ஆக வேண்டும். நமக்கு வேண்டியது அந்த அரை நொடித் தயக்கம்தான்.

மாற்றும் முறை: முதல் வாரம் தினம் பத்து நிமிடம், ஒரே ஒருவரோடு மட்டும் தமிழ் விசையில் செய்தி. பாட்டியோ அத்தையோ நல்லது, அவசரப்படுத்த மாட்டார்கள். இரண்டாம் வாரம் குடும்பக் குழு. நண்பர்கள் குழுவைக் கடைசியில் வையுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். மூன்றாம் வாரம் அமைப்புகளுக்குள் போய்த் தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிடுங்கள். சொல் பரிந்துரைப் பட்டையையும் அணைத்தால் இன்னும் நல்லது. பெரும்பாலும் இரண்டாம் வாரத்தில்தான் விட்டுவிடுவார்கள். குழுவில் பத்துப் பேர் மளமளவென்று பதில் போடும்போது தான் மட்டும் எழுத்தைத் தேடிக்கொண்டிருப்பது பிள்ளைக்கு அவமானமாக இருக்கும். அதனால்தான் நண்பர்கள் குழு கடைசியில்.

தமிழ் விசைக்கு வந்த பின் புதிதாய் ஒரு பிழை முளைக்கும்: ஔகாரம். ‘கௌதமன்’ என்பதை ‘கெ’ எழுதி அடுத்து ‘ள’ தட்டிக் ‘கெளதமன்’ என்று அனுப்புவார்கள். கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும். தேடினால் கிடைக்காது, அகர வரிசையில் இடம் மாறிவிடும். ஔ என்பது தனி விசை என்று முதல் நாளே காட்டிவிடுங்கள்.

நாங்கள் 15 பைசா கார்டில் குடும்பச் செய்தி முழுவதையும் பிழையில்லாமல் எழுதினோம். இன்றைய பிள்ளைகளுக்கு முழுச் சொல் எழுதக்கூடச் சோம்பல். மொழி அழிந்துவிடாதா?
– ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியர், கும்பகோணம்

அழியாது ஐயா. கார்டில் நீங்களும் சுருக்கியிருப்பீர்கள். தலையில் ஒரு ‘உ’, அடுத்து ‘நலம் நலமறிய ஆவல்’, இடம் போதாவிட்டால் ஓரத்தில் செங்குத்தாக இரண்டு வரி. நம் கணக்குப்பிள்ளைகளும் பத்திரம் எழுதுவோரும் நாள், மாதம், வருடம், பற்று, வரவு, மேற்படி, ரூபாய், எண் ஆகிய எட்டுக்கும் தனித்தனிக் குறியீடே வைத்திருந்தார்கள்: ௳ ௴ ௵ ௶ ௷ ௸ ௹ ௺. இவை எட்டும் இன்று யூனிகோடில் இருக்கின்றன. ‘மேற்படி’யை ஒரே கீற்றில் முடித்த ஊர் நம்முடையது.

அதற்கும் முன்னால் போனால், ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளியே வைக்காமல் எழுதிப் போனார்கள். எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஓலையில் ஒன்றாகவே இருந்தன. நாம் இன்று எழுதும் ஏ, ஓ வடிவங்களை வீரமாமுனிவர் (1680–1747) காலச் சீர்திருத்தம் என்பார்கள். சுவடி படித்தவர்கள் குறிலா நெடிலா, மெய்யா உயிர்மெய்யா என்பதை இடம் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். தங்கிலீஷ் படிக்கிற பிள்ளையும் அதையேதான் செய்கிறது.

உங்கள் கவலையில் நியாயம் எங்கே இருக்கிறதென்றால், ஓலை எழுதியவர் முழு எழுத்தையும் கற்று முடித்த பின் சுருக்கினார். கார்டு எழுதிய நீங்களும் அப்படித்தான். இன்று ஆறாம் வகுப்பிலேயே, எழுத்து கையில் நிற்பதற்கு முன்பே, தங்கிலீஷ் வந்துவிடுகிறது.

தமிழ் எழுத்து இருக்கும்போது தங்கிலீஷ் ஏன் வந்தது? சோம்பலா, ஆங்கில மோகமா?
– கல்லூரி மாணவர், நாகர்கோவில்

இரண்டையும்விடக் கட்டணக் கணக்குதான் பெரிய காரணம். முதல் குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் போனது. நீல் பாப்வொர்த் என்ற பொறியாளர் கணினியிலிருந்து அனுப்பிய கிறிஸ்துமஸ் வாழ்த்து. ஒரு செய்திக்கு 140 பைட்டுதான் இடம். ஆங்கில எழுத்தை ஏழு பிட்டில் அடைப்பதால் 160 எழுத்து பிடிக்கும். தமிழுக்கு யூனிகோட், ஒவ்வொரு குறிக்கும் 16 பிட். அதனால் 70தான். அதிலும் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு. ‘நாளை வருகிறேன்’ என்பது கண்ணுக்கு ஏழெழுத்தும் ஓர் இடைவெளியும். தொலைபேசிக் கணக்கில் 14. எழுபதைத் தாண்டினால் செய்தி இரண்டாக உடையும். உடைந்த துண்டுகளை இணைக்கும் குறிப்புக்கும் இடம் போவதால் ஒவ்வொரு துண்டிலும் 67தான் மிச்சம். காசும் இரண்டு செய்திக்கு. போதாததற்கு, எதிரில் இருப்பவரின் செல்பேசியில் தமிழ் எழுத்துரு இல்லையென்றால் கட்டம் கட்டமாகத் தெரியும்.

வாட்ஸ்அப் வந்தபின் இந்தக் காரணம் எதுவும் இல்லை. விரலுக்குப் பழகிய பழக்கம் மட்டும் மிச்சமாகி, அண்ணனிடமிருந்து தம்பிக்குப் போய்விட்டது.

ஒற்றுப்பிழை முன்பைவிட அதிகமாகத் தெரிகிறது. ‘அதை பார்த்து’, ‘எனக்கு தெரியும்’ என்றே எழுதுகிறார்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் அப்படித்தான். காரணம் என்ன?
– தமிழாசிரியை, விழுப்புரம்

பரிந்துரைப் பட்டை. பிள்ளை ‘அ’, ‘த’ தட்டியதும் ‘அதை’ மேலே வருகிறது. தொட்டவுடன் சொல்லோடு ஓர் இடைவெளியும் தானே விழுந்துவிடுகிறது. அடுத்த சொல் பகரத்தில் தொடங்கும் என்பது அப்போது செல்பேசிக்குத் தெரியாது. ‘ப்’ போட வேண்டுமென்றால் பின்னால் போய் இடைவெளியை அழித்து, ப் தட்டி, மறுபடி இடைவெளி விட வேண்டும். யார் செய்வார்கள்? கையால் எழுதும்போது இந்தத் தடை இல்லை. ‘அதை’ எழுதும்போதே அடுத்த சொல் மனத்தில் இருக்கும். ஆயிரம் தடவை ஒற்றில்லாமல் கண்ணால் பார்த்த பிறகு ‘அதை பார்த்து’தான் இயல்பான வடிவமாகப் பதிந்துபோகிறது. பிழை காட்டும் சிவப்புக் கோடும் உதவாது. அது சொல்லைத் தனித்தனியாகப் பார்க்கும். ‘அதை’யும் சரி, ‘பார்த்து’ம் சரி. பள்ளிக்குப் பதில் பல்லி என்று எழுதினாலும் கோடு விழாததற்குக் காரணம் இதுவே. பல்லியும் நல்ல தமிழ்ச் சொல்தான்.

வல்லினம் மிகும் இடங்கள் முழுவதையும் ஒரே வாரத்தில் நடத்தாதீர்கள். அட்டவணை மனப்பாடமாகும், எழுத்தில் வராது. நான்கே இடம் போதும். பள்ளிக் கட்டுரையில் வரும் ஒற்றுகளில் பெரும்பகுதி இவற்றில் அடங்கிவிடும்.

ஐ உருபுக்குப் பின்: அதைப் பார்த்தான், கதவைத் திற.
கு உருபுக்குப் பின்: எனக்குத் தெரியும், ஊருக்குப் போனாள்.
அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி, எப்படி என்பவற்றுக்குப் பின்: அந்தப் பையன், எப்படிச் சொன்னாய்.
ஆக, போய், என, துகரத்துக்கு முன் வன்மெய் வரும் எடுத்து, படித்து போன்ற வினையெச்சங்களுக்குப் பின்: போய்ச் சேர்ந்தான், எனக் கூறினாள், எடுத்துக் கொடுத்தான்.

கடைசி வகையில் ஒரு பள்ளம் உண்டு. ‘எடுத்து’ என்பதில் துகரத்துக்கு முன் வன்மெய் இருப்பதால் மிகும். ‘வந்து’ என்பதில் முன்னால் மெல்லின மெய்; மிகாது. ‘வந்து பார்த்தான்’தான் சரி. விதி கற்ற உற்சாகத்தில் ‘வந்துப் பார்த்தான்’ என்று எழுதத் தொடங்குவார்கள். ‘பல’, ‘சில’வுக்குப் பின்னும் மிகாது: பல கதைகள், சில பூக்கள். இந்த மிகைப்பிழை வந்தால் கோபப்படாதீர்கள். விதியைப் பிள்ளை கையில் எடுத்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

வகுப்புக்கு ஒரு பயிற்சி: எட்டு வரிப் பத்தியில் ஒற்றுகளை மட்டும் எடுத்துவிட்டுப் பலகையில் எழுதுங்கள். ‘பன்னிரண்டு ஒற்று காணவில்லை’ என்று எண்ணிக்கையைச் சொல்லிவிடுங்கள். எண்ணிக்கை தெரிந்தால் தேடுவார்கள். தெரியாவிட்டால் நான்கு கண்டவுடன் நிறுத்திவிடுவார்கள்.

சார், நான் பிளஸ் டூ. பதில் எல்லாம் தெரியுது. ஆனா நெடுவினான்னு உட்கார்ந்தா நாலு வரிக்கு மேல வரல. எழுதினதும் துண்டு துண்டா இருக்குன்னு மிஸ் சொல்றாங்க.
– மாணவர், தென்காசி

தம்பி, நீங்கள் இந்தக் கேள்வியைச் செய்தியாக அனுப்பியிருந்தால் ஐந்து செய்தியாக அனுப்பியிருப்பீர்கள். ‘சார்’ ஒன்று, ‘நான் பிளஸ் டூ’ ஒன்று, ‘பதில் எல்லாம் தெரியுது’ ஒன்று. செய்தியில் ஒரு நினைப்பு முடிந்ததும் அனுப்பிவிடுகிறோம். அடுத்த நினைப்பு அதன் கீழே தனியாக விழுகிறது. இரண்டுக்கும் என்ன உறவு என்பதை எழுத வேண்டிய தேவையே இல்லை, படிப்பவர் ‘ஏன்?’ என்று கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். விடைத்தாள் திருத்துபவர் திருப்பிக் கேட்க மாட்டார். ஆகவே, எனினும், ஏனெனில், இதனால், மாறாக என்ற சொற்களெல்லாம் அந்தக் கேட்காத ‘ஏன்’களுக்கான பதில்கள். உங்கள் விடையில் காணாமல் போனவை அவைதான்.

நீங்களே அனுப்பிய செய்திகளை எடுத்துக்கொள்ளுங்கள். இப்படி ஒரு கொத்து இருக்கும்:

‘டேய் நாளைக்கு வரல’
‘பஸ் ஸ்டிரைக்’
‘அப்பா வண்டி குடுக்க மாட்டாரு’
‘நோட்ஸ் அனுப்பு’
‘திங்கக்கெழம குடுத்துருவேன்’

இதை விடுப்பு விண்ணப்பத்தின் ஒரு பத்தியாக மாற்றுங்கள்: ‘நாளை பேருந்துகள் ஓடாததால் என்னால் பள்ளிக்கு வர இயலாது. தந்தையின் வண்டியைப் பயன்படுத்தவும் வாய்ப்பில்லை. எனவே நாளைய பாடக் குறிப்புகளை நண்பரிடமிருந்து பெற்று எழுதிக்கொண்டு, திங்கட்கிழமை காட்டுகிறேன்.’ ஐந்து துண்டு மூன்று வாக்கியமானது. ‘ஆல்’, ‘உம்’, ‘எனவே’ என்ற மூன்று தையல் போட்டிருக்கிறோம். ‘வரல’ என்பது ‘வர இயலாது’ ஆனது. இங்கே இரண்டு வேலை நடக்கிறது, பேச்சுத் தமிழ் எழுத்துத் தமிழாவதும் துண்டு பத்தியாவதும். தமிழில் இந்த இரண்டும் சேர்ந்தே வருவதால்தான் நம் பிள்ளைகளுக்குப் பாரம் கூடுதல்.

வாரம் மூன்று நாள் ஒரு கொத்தை இப்படி மாற்றுங்கள். கையால்தான். ஒரு மாதம் கழித்து நெடுவினாவுக்கு வாருங்கள்: கடிகாரம் வைத்து 20 நிமிடம். முதல் 3 நிமிடம் குறிப்பு மட்டும், ஆறு குறிப்புக்கு மேல் வேண்டாம். 14 நிமிடம் எழுத்து, குறிப்புக்கு மூன்று வாக்கியம்: சொல்வது, ஏன் என்பது, ஓர் எடுத்துக்காட்டு. கடைசி 3 நிமிடம் வாசிப்பு. உதடு அசைய வாசியுங்கள். கண் தாவிவிடும், உதடு தாவாது. ஆறு குறிப்புக்குப் பதினெட்டு வாக்கியம். நாலு வரிப் பிரச்சினை அங்கேயே தீர்கிறது.

கை வலித்தால் அதுவும் இயல்பு. மூன்று மணி நேரம் தொடர்ந்து எழுதும் பழக்கம் விட்டுப்போயிருக்கிறது. தேர்வுக்கு இரண்டு மாதம் முன்பிருந்து வாரம் ஒரு முழுத்தாள் எழுதுங்கள்.

பேசினால் தானே எழுதிக்கொள்ளும் வசதியைப் பிள்ளை பயன்படுத்தலாமா?
– வாசகி, யாழ்ப்பாணம்

யோசனையைக் கொட்ட நல்லது, எழுத்துப் பயிற்சிக்கு ஆகாது. ல-ள முடிவைக் கருவி எடுத்துவிடும். நிறுத்தக்குறி பெரும்பாலும் விழாது. பேச்சுத் தமிழில் சொன்னால் சொல்லைப் பாதி விழுங்கி எழுதிவைக்கும். ஒரு பயன் உண்டு: பிள்ளை எழுத்துத் தமிழில் சொல்லிப் பார்த்து, விழுந்ததைத் தாளில் திருத்தி எழுதினால் அது நல்ல பயிற்சி. சொல்லி முடித்த உடனே அனுப்பும் பொத்தானை அழுத்தினால் பயன் ஒன்றும் இல்லை.

‘சரி.’ என்று முற்றுப்புள்ளி வைத்து அனுப்பினால் ‘ஏன்பா கோபம்?’ என்று கேட்கிறான் மகன். புள்ளி வைப்பதும் குற்றமா?
– ஒரு தந்தை, வேலூர்

உங்கள் மகன் சொல்வது சரி. அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் 2015இல் வெளிவந்த ஆய்வில் 126 மாணவர்களிடம் இதையே கேட்டார்கள். ஒற்றைச் சொல் பதிலின் முடிவில் புள்ளி இருந்தால், அது மனமார்ந்த பதிலாகத் தோன்றவில்லை என்றார்கள். அதே பதிலைக் கையால் எழுதிய சீட்டில் காட்டியபோது அப்படித் தோன்றவில்லை. செய்தி அனுப்பினாலே வரி முடிந்துவிடுகிறது. அதற்கு மேலும் புள்ளி வைத்தால், முகத்தைத் திருப்பிக்கொண்டதாக அர்த்தமாகிறது.

ஆக, செய்தியில் புள்ளி குரலின் குறி, தாளில் வாக்கியத்தின் குறி. பிள்ளைக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லிக்கொடுங்கள். செய்தியில் புள்ளி வைக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். கட்டுரையில் புள்ளியை மறந்தால், ஒவ்வொரு வாக்கியத்தையும் புதிய வரியில் தொடங்கி ஒரு வாரம் எழுதச் செய்யுங்கள். முடிவு எங்கே என்று கண்ணுக்குத் தெரிய வரும்.

ஆங்கிலத் தாளில் ‘யூ’வுக்கு ஒற்றை எழுத்து போட்டுவிடுகிறாள் மகள். தெரியாமலா செய்கிறாள்?
– ஓசூர் வாசகர்

தெரிந்தே, ஆனால் கவனிக்காமல். அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 12–17 வயதினரிடம் கேட்டு 2008இல் வெளியிட்ட ஆய்வில், 38 விழுக்காட்டினர் பள்ளிப் பாடத்தில் செய்திச் சுருக்கம் நழுவி விழுந்ததாக ஒப்புக்கொண்டார்கள். தாங்கள் அனுப்பும் செய்திகளை ‘எழுத்து’ என்றே நினைப்பதில்லை என்றவர்கள் 60 விழுக்காடு. வேறு வேறு என்பது அவர்களுக்குத் தெரிகிறது. எழுதி முடித்ததும் சுருக்கத்துக்காக மட்டும் ஒரு தடவை, கடைசி வரியிலிருந்து மேலே நோக்கி வாசிக்கச் சொல்லுங்கள். பின்னோக்கிப் படித்தால் பொருள் இழுத்துக்கொண்டு போகாது. எழுத்து தனியாகக் கண்ணில் படும்.

செல்பேசி கொடுத்ததே இல்லை. ஆனாலும் எட்டாம் வகுப்புப் பையன் எழுத்துகளை மாற்றி எழுதுகிறான், வரி தவறுகிறான், பலகையைப் பார்த்து எழுதினாலும் பிழை.
– ஒரு தாய், புதுக்கோட்டை

பார்த்து எழுதும்போதும் பிழை என்பது முக்கியமான குறிப்பு. பழக்கப்பிழை பார்த்து எழுதும்போது வராது. கண் பரிசோதனையை முதலில் முடியுங்கள். பிறகு சிறப்புக் கல்வியாளரையோ குழந்தை உளவியல் நிபுணரையோ பார்த்துக் கற்றல் குறைபாடு உண்டா என்று மதிப்பிடச் சொல்லுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் சேர்க்கப்பட்டிருக்கிறது. சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளுக்குப் பள்ளி வழியே விண்ணப்பிக்கலாம். ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்குங்கள். பத்தாம் வகுப்பின் பாதியில் ஓடினால் தாள்கள் நகராது. இம்போசிஷன் கொடுப்பதை இன்றே நிறுத்திவிடுங்கள்.

பொங்கலுக்கு அனுப்ப வேண்டியது ‘வாழ்த்துகள்’ஆ, ‘வாழ்த்துக்கள்’ஆ? வீட்டில் சண்டை.
– குடும்பக் குழு, மதுரை

‘க்’ போட்டால் கள்ளாகிவிடும் என்பது வகுப்பறைப் பகடி, இலக்கணம் அல்ல. ‘கள்’ விகுதிக்கு முன் மிகலாமா கூடாதா என்பதில் அறிஞர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. தேர்வு எழுதும் பிள்ளை பாடநூலின் வழியில் எழுத்துகள், வாழ்த்துகள் என்று எழுதட்டும். குடும்பக் குழுவில் சித்தப்பா ‘க்’ போட்டு அனுப்பினால் கரும்புப் படம் ஒன்றைப் பதிலுக்குப் போட்டுவிட்டுப் பொங்கலைப் பார்க்கப் போங்கள்.